கைப்பேசித் திரையில் சரளி வரிசை
ஆலயத் தேவார வகுப்புகளில் புதிய கருவிகளுக்கு இடம் எது?

இறைவனை இசையோடு இணைத்தே வணங்குவது நம் முன்னோர் வகுத்த மரபாகும். தீபாராதனைக்குப் பின்னர் ஓதுவாமூர்த்தி கைகூப்பி நின்று பஞ்சபுராணம் ஓதும் அந்தச் சில நிமிடங்கள் இல்லையேல் பூசை நிறைவெய்தியதாக நம் மனம் ஒப்புவதில்லை. தைப்பூசம், பங்குனி உத்திரம் போன்ற பெருவிழாக்களில் அதே இடத்தில் நம் பிள்ளைகள் நின்று பாடக் கேட்கும்போது, தோட்டங்களிலும் சிறு பட்டணங்களிலும் பாட்டன் பூட்டன் காலந்தொட்டுக் காத்துவந்த ஒன்று பத்திரமாகக் கைமாறியது என்ற மனநிறைவு பெற்றோருக்கும் ஆலய நிர்வாகத்தினருக்கும் ஒருங்கே உண்டாகிறது.

அப்பிள்ளைகளை அருகழைத்து, "யாரிடம் கற்றாய்?" என்று வினவினால், முன்பெல்லாம் ஓர் ஆசிரியரின் பெயரோ பாட்டியின் பெயரோ விடையாக வரும். இன்று அடிக்கடி வரும் விடை வேறு. "யூடியூபில் பார்த்துப் படித்தேன், ஐயா" என்கிறார்கள்.

ஞாயிறுதோறும் ஓர் ஆலய மண்டபத்தில் சிறுவர்களுக்குத் தேவாரமும் தொடக்க இசைப் பாடங்களும் சொல்லிக் கொடுத்துவரும் எளியேனுக்கு, இவ்விடை முதலில் சற்று வருத்தத்தையே தந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பின்னர் மகிழ்ச்சியும் தந்தது. இரண்டிற்கும் காரணம் உண்டு.

ஒரு சிறுவன் பாடிய பதிகம்

சில ஆண்டுகளுக்கு முன், விழாவுக்கு இரண்டு வாரங்கள் இருக்கையில், ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் தன் தாயாருடன் வகுப்புக்கு வந்தான். "பதிகம் முழுவதும் இவனுக்கு மனப்பாடம், ஐயா. வீட்டில் கைப்பேசியைப் பார்த்தே படித்துவிட்டான்" என்றார் தாயார். முதல் பாடலை மட்டும் வாயால் சொல்லச் சொல்லிக் கேட்டேன். உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை. லகர ளகர ழகர வேறுபாடு அத்தனை தெளிவாக இருந்தது. சுருதியோடு பாடவைத்துப் பாராமல் நிகழ்ச்சி நிரலில் அவன் பெயரைச் சேர்த்தது என் பிழை.

விழா நாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. சுருதிப்பெட்டி ஐந்து கட்டையில் ஒலித்துக் கொண்டிருந்தது. அவனுக்கு முன் பாடிய பிள்ளைகள் அனைவரும் அதில்தான் பாடினார்கள். அவனோ ஒன்றரைக் கட்டையில் தொடங்கினான். அவன் கேட்டுப் பழகிய பதிவைப் பாடியவர் வயது முதிர்ந்த ஓர் ஓதுவார். ஆண்குரலுக்கு இயல்பான அந்தச் சுருதியில் சிறுவனின் கீழ்ச்சுரங்கள் வெறும் காற்றாகப் போயின. ஒரு தாயி ஏற்றிப் பிடித்தபோது மேற்சுரங்கள் கீச்சிட்டன. ஒவ்வோர் அடியின் முடிவிலும் அவன் குரல் நடுங்கியது. அச்சத்தால் வந்த நடுக்கம் என்றே சபையோர் எண்ணினர். மூன்றாம் பாடல் முடிந்ததும் அவன் நிறுத்திவிட்டான். மறந்துவிட்டான் போலும் என்று நான் அடுத்த அடியை எடுத்துக் கொடுக்க முனைந்தேன். அவன் என்னைப் பார்த்து வேண்டாமெனத் தலையசைத்துவிட்டுச் சற்று நேரம் பொறுத்து, நான்காம் பாடலை ஒழுங்காகத் தொடங்கினான்.

பிறகு விசாரித்தேன். "அந்த இடத்தில் விளம்பரம் வரும், ஐயா" என்றான்.

கேட்டவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடு திரும்பி அந்தக் காணொளியைப் போட்டுக் கேட்ட பின்னர்தான் சிரிப்பு அடங்கியது. அடி முடிவில் அவன் குரல் நடுங்கியது அச்சத்தால் அன்று. பதிவிலிருந்த பெரியவரின் குரல் முதுமையால் நடுங்கியது. சிறுவன் அதையும் பண்ணின் அசைவு என்று நம்பி, எவ்வளவு பாடுபட்டோ அப்படியே படித்திருந்தான். திரை தந்தது அனைத்தையும் அவன் உண்மையோடு கற்றுக்கொண்டான். இதில் எது பண், எது மூப்பு, எது விளம்பரத்திற்கான இடைவெளி என்று சொல்ல அருகில் ஒருவர் இல்லாது போனதுதான் குறை. கூப்பிடு தூரத்தில் வகுப்பு இருந்தும் அவன் வீடு வரை அது எட்டவில்லை என்பதால், அக்குறையில் எனக்கும் பங்கு உண்டு.

ஏடு காத்தது, குரல் காத்தது

இவ்விடத்தில் நம் சமய வரலாற்றின் ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்வது பொருத்தமாகும். இராசராச சோழன் காலத்தில் நம்பியாண்டார் நம்பியின் துணையால் தில்லையில் தேவார ஏடுகள் கண்டெடுக்கப்பட்ட வரலாற்றைத் திருமுறை கண்ட புராணம் விரித்துரைக்கிறது. கரையான் அரித்தவை போக எஞ்சியவையே நமக்குக் கிடைத்தன என்பது யாவரும் அறிந்த செய்தி. அதற்கடுத்த செய்தியை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். ஏடுகள் கிடைத்தன. பாடல்கள் கிடைத்தன. எந்தப் பாடலை எவ்வாறு பாடுவது என்பது ஏட்டில் இல்லை. அதற்காக அவர்கள் எருக்கத்தம்புலியூருக்குச் செல்ல வேண்டியிருந்தது. ஞானசம்பந்தப் பெருமானோடு உடன் சென்று யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் அவதரித்த ஊர் அது. அவர் மரபில் வந்த ஒரு பெண்மணியைக் கொண்டே பதிகங்களுக்குப் பண்ணடைவு வகுக்கப்பட்டது என்கிறது அப்புராணம். சொல்லை ஓலை காத்தது. பண்ணைக் காத்தது ஒரு பெண்ணின் தொண்டை.

அப்பெண்மணியின் காலத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கருவி இருந்திருந்தால், காலத்தால் அழிந்துபோன எத்தனையோ பண்களின் நுட்பம் இன்று நம் செவிக்கு எட்டியிருக்கும். ஆகையால் கருவியைப் பழிப்பது நன்றி மறந்த செயலாகும். 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரல் இசைத்தட்டில் பதிவானதிலிருந்து இந்திய இசை கருவிகளோடு பழகி வருகிறது. ஓதுவார் மரபில் வந்த எம். எம். தண்டபாணி தேசிகரின் குரலை இசைத்தட்டிலும் வானொலியிலும் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. எங்கள் தலைமுறைக்கு ஒலிநாடா வாய்த்தது. தருமபுரம் ப. சுவாமிநாதன் பாடிய திருமுறை ஒலிநாடாக்களை வாங்கி வந்து, ஓர் அடியைக் கேட்பதும் நிறுத்துவதும் பின்னோட்டுவதும் மீண்டும் கேட்பதுமாக நாங்கள் படித்தோம். நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றுவோம். நாளடைவில் நாடா தளர்ந்து இழுபட, ஓதுவாரின் சுருதியும் இறங்கிக்கொண்டே வரும். அதைச் சரியான சுருதி என்று எண்ணிப் படித்தவர்களும் எங்களில் உண்டு! அப்பதிவுகள் பின்னர் குறுந்தட்டில் வந்தன. இன்று இணையத்தில் எவரும் கேட்கலாம்.

பழகும் பிள்ளைக்குப் பயன்

தொடக்க இசைப் பாடத்தின் உயிர் திரும்பத் திரும்பச் சொல்வதில் இருக்கிறது. புரந்தரதாசர் (1484–1564) வகுத்தளித்ததாகப் போற்றப்படும் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் ஆகியவற்றை மாயாமாளவகௌளை இராகத்தில் கற்பிப்பது இன்றுவரை தொடரும் முறை. பதினைந்தாவது மேளகர்த்தாவான இவ்விராகத்தில் ஸ-ரி, ப-த என்னும் இரண்டு இணைகளும் ஒரே அளவு நெருக்கம் கொண்டவை. ரி-க, த-நி இடைவெளிகளும் ஒன்றையொன்று ஒத்தவை. கீழ்ப்பாதியைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு மேற்பாதி தானே கைகூடும். ஓதுவார் மரபில் இந்தளப் பண்ணை இன்று இவ்விராகத்திலேயே பாடுவதால், சரளி வரிசையில் தேறிய பிள்ளை தேவாரத்தின் வாயிலிலும் ஒரு காலை வைத்துவிட்டதாகவே கொள்ளலாம்.

வாரம் ஒரு மணி நேர வகுப்பில் ஓர் ஆசிரியர் இருபது பிள்ளைகளுக்கும் வேண்டிய அளவு திரும்பச் சொல்ல இயலாது. கருவி சொல்லும். அதற்குச் சலிப்பில்லை. காணொளியின் வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்தாலும் சுருதி இறங்காமல் இருப்பது, ஒலிநாடாவோடு மல்லுக்கட்டிய எங்களுக்கு ஒரு விந்தையாகவே தோன்றுகிறது. கடினமான ஓர் அடியை மட்டும் மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்யவும் இயலும். பதிவின் சுருதியையே பிள்ளையின் குரலுக்கு ஏற்ப ஐந்து கட்டைக்கு மாற்றித் தரும் செயலிகளும் உள்ளன. அந்தச் சிறுவனின் தாயாருக்கு இச்செய்தி முன்னரே தெரிந்திருந்தால் அன்று அவன் அவ்வளவு துன்பப்பட்டிருக்க மாட்டான்.

தம்பூராவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஒரு நல்ல தம்பூராவை இந்நாட்டிற்குக் கொண்டுவந்து, இவ்வெப்பத்திலும் ஈரத்திலும் பழுதின்றிக் காப்பது எளிதன்று. பெங்களூரைச் சேர்ந்த பொறியியலாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1979-ல் மின்னணுத் தம்பூராவை உருவாக்கியதும் பல இல்லங்களின் குறை தீர்ந்தது. இன்று அவ்வொலி கைப்பேசியிலேயே கிடைக்கிறது. பெற்றோர் ஒரே ஒரு செயலிதான் வைத்துக்கொள்ள விரும்பினால் அது தம்பூராவாக இருக்கட்டும் என்பதே எளியேனின் கருத்து. பாடும் காணொளிகள் அதற்கு அடுத்தபடிதான். காணொளியோடு சேர்ந்து பாடும் பிள்ளை அதன் குரலில் சாய்ந்துகொள்ளும். தம்பூராவோடு பாடும் பிள்ளை தன் காலில் நிற்கும்.

இன்னொரு பயனும் உண்டு. தான் பாடியதைத் தானே பதிவு செய்து கேட்பது. எட்டு வயதுப் பிள்ளைக்கு, "நீ ரிஷபத்தில் தாழ்கிறாய்" என்று பத்து முறை சொன்னாலும் விளங்காது. அதன் குரலை அதற்கே ஒருமுறை போட்டுக் காட்டினால் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

கருவிக்குப் புரியாதவை

ஆனால் சில செயலிகள் பாடும் குரலை அளந்து, சரியானால் பச்சை விளக்கும் தவறினால் சிவப்பு விளக்கும் காட்டுகின்றன. சரளி வரிசையின் நெடிய, நேரான சுரங்களுக்கு இவை ஓரளவு உதவும். பண்ணிசைக்கு இவை கேடு செய்யும். நம் சுரம் ஓரிடத்தில் அசையாது நிற்பதன்று. கமகத்தோடு ஊசலாடி, தன் அண்டைச் சுரங்களைத் தொட்டு மீள்வது. கௌசிகப் பண்ணை இன்று பைரவியிலும், மேகராகக் குறிஞ்சியை நீலாம்பரியிலும் பாடுகிறார்கள். அவற்றைச் செம்மையாகப் பாடும் பிள்ளையைப் பார்த்து இச்செயலி சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டே இருக்கும். பச்சை விளக்கை விரும்பிய பிள்ளை, அசைவைக் கைவிட்டு மரப்பலகை போலப் பாடத் தொடங்கும். இதை என் வகுப்பிலேயே கண்டேன். அதைத் திருத்த மூன்று மாதம் பிடித்தது.

தாளமும் அப்படித்தான். ஆதி தாளத்தில் ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடுவிரல், அதன்பின் தட்டும் வீச்சும் இருமுறை என எட்டு எண்ணிக்கை. பெரும்பாலான காணொளிகளில் பாடுபவரின் முகமும் மார்பும் தெரியும். தொடையில் தட்டும் கை சட்டத்திற்கு வெளியே போய்விடும். கை தெரியும் காணொளியிலோ, எதிரே இருப்பவரின் வலக்கை திரையின் இடப்புறம் தோன்றுவதால் பிள்ளைகள் இடக்கையால் தட்டிப் பழகிவிடுகின்றனர். நேர்வகுப்பில் ஆசிரியர் கையைப் பிடித்து மாற்றிவைக்கப் பத்து விநாடி போதும்.

நேரலை வகுப்பின் இடர்ப்பாட்டை நாம் அனைவரும் 2020-ல் கற்றோம். மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து ஆலயக் கதவுகள் அடைபட்டபோது, எங்கள் தேவார வகுப்பு ஸூம் திரைக்கு இடம் பெயர்ந்தது. முதல் நாள் இருபது பிள்ளைகளையும் ஒருமித்துப் பாடச் சொன்னேன். சந்தையில் கேட்கும் கூச்சல்தான் வந்தது. ஒலி காற்றில் பத்து மீட்டர் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 30 மில்லிவிநாடி எடுக்கிறது. சேர்ந்திசை பாடுவோரின் செவி பொறுக்கும் தாமதம் ஏறக்குறைய அவ்வளவே. இணையத்தில் தாமதம் அதனினும் பன்மடங்கு கூடி, ஒவ்வொரு வீட்டிலும் வெவ்வேறாக இருந்தது. அது போதாதென்று, இரைச்சலை நீக்கும் அதன் ஏற்பாடு எங்கள் சுருதிப்பெட்டியின் இடையறாத ஒலியை மின்விசிறியின் இரைச்சல் என்று எண்ணி விழுங்கிவிட்டது! அந்த ஏற்பாட்டை நிறுத்தி வைக்கலாம் என்பதை ஒரு மாணவியின் அண்ணன்தான் எங்களுக்குக் காட்டிக் கொடுத்தான்.

பின்னர் முறையை மாற்றினோம். நான் ஓர் அடியைப் பாடி வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். பிள்ளைகள் பகலில் பழகி, தம் குரலைப் பதிவு செய்து அனுப்புவார்கள். இரவில் ஒவ்வொன்றாகக் கேட்டுத் திருத்தம் சொல்வேன். ஒருவர் குரலில் மற்றவர் ஒளிந்துகொள்ள இயலாத இம்முறையில், மண்டபத்தில் பின்வரிசையில் வாயை மட்டும் அசைத்துக் கொண்டிருந்த மூவரை முதன்முறையாகத் தனித்தனியே கேட்டேன். மூவரில் ஒருத்திக்கு வகுப்பிலேயே சிறந்த குரல்.

ஆணை தளர்ந்த பின்னரும் அம்முறை ஒருவருக்காகத் தொடர்ந்தது. செம்பனைத் தோட்டம் ஒன்றில் வாழும் சிறுமி அவள். அருகிலுள்ள பட்டணத்தில் தேவார வகுப்பு இல்லை. எங்கள் ஆலயத்திற்கு வந்து போக நான்கு மணி நேரம் ஆகும். உறவினர் வழியாக என் எண்ணைப் பெற்று அவள் தந்தை அழைத்தார். இரண்டு ஆண்டுகள் நான் அவளை நேரில் கண்டதில்லை. இணையத்திலுள்ள ஓதுவார்களின் பதிவுகளில் எதைக் கேட்க வேண்டும், எதை இப்போது கேட்க வேண்டாம் என்று சொல்வேன். அவள் பாடி அனுப்புவாள், நான் திருத்துவேன். அவளுக்குக் கைப்பேசி இல்லையேல் தேவாரமே இல்லை. நகரத்தில் அமர்ந்துகொண்டு, "குருமுகமாகத்தான் கற்க வேண்டும்" என்று மேடையில் முழங்குவது எளிது. அந்தத் தோட்டத்திற்கு வாரந்தோறும் செல்ல முன்வரும் குரு யார்?

உபயகாரர்களின் கனிவான கவனத்திற்கு

அண்மையில் எங்கள் ஆலயத்தின் கூட்டம் ஒன்றில் ஒரு யோசனை முன்வைக்கப்பட்டது. அன்பர் ஒருவர் மண்டபத்திற்குப் பெரிய திரையொன்றை உபயமாகத் தர இசைந்திருந்தார். நல்ல உள்ளம். திரை வந்தால் சிறந்த வித்துவான்களின் காணொளிகளைப் போட்டுப் பிள்ளைகளை அமரவைத்துவிடலாம் என்றும், ஆசிரியருக்கு மாதந்தோறும் தரும் சன்மானம் மிச்சமாகும் என்றும் சிலர் கருதினர். சன்மானம் பெறும் கையே இதை எழுதுகிறது என்பதை வாசகர்கள் கருத்தில் கொண்டு மேலே படிக்கட்டும்.

திரை ஆசிரியரின் கைக்கருவியாக வருமானால் வரவேற்போம். ஆசிரியரின் இடத்தில் வருமானால், விளம்பரத்திற்காக நிறுத்திப் பாடும் இருபது பிள்ளைகளை நாமே உருவாக்குவோம். திரைக்குச் செலவிட எண்ணும் அன்பர்களிடம் ஒன்றை வேண்டிக்கொள்கிறேன். தமிழகத்திலிருந்து ஒப்பந்தத்தில் வரும் ஓதுவார்கள் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டுத் திரும்பிச் சென்றுவிடுகின்றனர். அவர்கள் கற்ற பண்முறையும் அவர்களோடு சென்றுவிடுகிறது. அவர்கள் இங்கிருக்கும்போதே ஒரு நல்ல ஒலிவாங்கியை வாங்கி, அமைதியான ஓர் அறையில் பிள்ளைகளுக்கென்றே பதிகங்களைப் பாடவைத்துப் பதிவு செய்துவிடலாம். மேடைக்குப் பாடுவது போலன்றி மெதுவாக, ஒவ்வோர் அடியையும் இருமுறை பாடி, பிள்ளை திருப்பிப் பாடும் அளவுக்கு இடைவெளி விட்டு, தாளமிடும் கை திரையில் முழுதும் தெரியும்படி எடுக்க வேண்டும். பெண் குரலிலும் ஒரு பதிவு வேண்டும். பண்ணின் பெயரையும் இன்று வழங்கும் இராகத்தின் பெயரையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். விளம்பரம் வராதபடி நேரே பெற்றோரின் கைப்பேசிக்கு அனுப்பிவிடலாம். இதற்கு ஆகும் செலவு அப்பெரிய திரையின் விலைக்கு மிகவும் குறைவு.

எங்கள் நிர்வாகத்தினர் இதற்கு இசைந்து, முதலில் பத்துப் பதிகங்களைப் பதிவு செய்யப் பணித்துள்ளனர். நான்கு முடிந்துவிட்டன. பதிவின்போது சுருதிப்பெட்டியைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை, அன்று விளம்பரத்திற்காக நின்று பாடிய அதே சிறுவன் ஏற்றிருக்கிறான். அவனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. சென்ற வாரம் ஓதுவார் வந்து அமர்ந்ததும் அவருக்கு வாகான ஒன்றரைக் கட்டையில் பெட்டியை வைத்தான். அவர் பாடி எழுந்தவுடன், பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு வந்திருக்கும் அந்தச் சிறுமி பாடுவதற்காக, எவரும் சொல்லாமலே திருகியை ஐந்து கட்டைக்குத் திருப்பினான்.